சேர்க்காத கோப்பு

மூன்றாவது முறையாக அதே வரிசையில் வந்து நின்ற ஸ்டோர்காரரை மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கம்மா அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், காலையிலதானே பாத்துச் சொன்னேன். இந்த மேசையில அவங்க பேரு இல்ல. அஞ்சாவது மேசைக்குப் போனீங்களா?"

"போனேம்மா. அவங்க ரெண்டாவது மேசைக்குப் போகச் சொன்னாங்க. ரெண்டாவது மேசையில உங்களைக் கைகாட்டினாங்க."

ஆற்றின் கரை உடைந்து ஊரின் தாழ்ந்த பாதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்ட பிறகு, நூலகத்தின் வாசிப்பு அறைதான் ஆள் தேடும் அலுவலகமாகியிருந்தது. மேசைக்கு ஒரு கணினி. கணினிக்கு மூன்று நான்கு முகாம்களின் பட்டியல். பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், விளையாட்டரங்கம், மேட்டுத்தெருக் கிடங்கு என்று எங்கெங்கோ ஒதுங்கியவர்களின் பெயர்களை அங்கங்கே இருந்தவர்கள் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆளைத் தேடி வந்தவர் எல்லா மேசையிலும் நின்றாக வேண்டும். கடைசி மேசைக்கு வந்து சேர்வதற்குள் முதல் மேசைக்குப் புதிதாக ஒரு பட்டியல் வந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து. நாளிதழ் மாட்டும் கம்பிகளைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை யாரும் கழற்றவில்லை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஸ்டோர்காரர் என்பது பேருந்துப் பணிமனையில் அவருக்கு விழுந்த பெயர். அங்கே உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், கேலியாக. "ஸ்டோர்காரரே, நம்ம ஸ்டோர்ல உப்பு தீந்து போச்சு. மேலிடத்துக்கு எழுதிப் போட்டு எப்ப வரும்?" அவள் ஆற்றோரத் தெருவில் ஒரு தையல் ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, பொத்தானை இழுத்துப் பார்த்து அனுப்புவது வேலை. அந்தக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்சீட்டில் இருப்பவர் காலரில் நூல் தெரிந்தால்கூட, முன்பின் தெரியாத ஆளென்றாலும், பட்டென்று கிள்ளி எடுத்துவிடுவாள். அவருக்கு மானம் போகும்.

தண்ணீர் வந்த அன்று மதியம் அவரைப் போனில் கூப்பிட்டிருந்தாள். ஆலையைச் சீக்கிரம் மூடுகிறார்கள், வீட்டுச் சாவியைக் காணோம் என்றாள். "உன் பையிலயே நல்லாப் பாரு. தலைகீழாக் கொட்டிப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு கைக்குட்டை எடுக்கக் கையை விட்டபோது சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல நினைத்தபோது லைன் கிடைக்கவில்லை. ஆலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேன், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். உள்ளே யாருமில்லை. "கதவு திறந்துதான் கெடந்துச்சாம்" என்று ஆளுக்கு ஆள் அவரிடம் நல்ல சேதிபோலச் சொன்னார்கள். அவரும் அந்தத் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"எல்லா லிஸ்டையும் ஒண்ணாப் போட்டுடலாமேம்மா" என்றார் கிளார்க்கம்மாவிடம். "எங்க டிப்போல தினம் சாயங்காலம் ஒவ்வொரு கிளையிலேர்ந்தும் ஒரு ஃபைல் வரும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு ஒரு பட்டனைத் தட்டினா, தானா ஒரே ஷீட்டா வந்துடும். எந்த வரி எந்த ஃபைல்லேர்ந்து வந்ததுன்னும் காட்டும்."

கிளார்க்கம்மா தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளினார். "உக்காருங்க. இதைத்தான் யாராவது வந்து செய்ய மாட்டாங்களான்னு மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்கேன்."

சொல்வது சுலபம். பணிமனையில் எல்லாக் கிளைகளும் ஒரே அச்சில் வார்த்த பட்டியலை அனுப்பும். இங்கே ஒவ்வொரு முகாமும் ஒரு தினுசு. ஒன்றில் முதல் கட்டம் 'பெயர்', இன்னொன்றில் 'ஆளின் பெயர்', மற்றொன்றில் 'நபர்'. தலைப்பு மாறினால் கணினிக்கு அது வேறு சங்கதி. பெயரைக் கொண்டுபோய் வயதுக்கு அடியில் சேர்க்காவிட்டாலும் தனியாக ஒரு மூலையில் தள்ளிவிடும். ஸ்டோர்காரர் முகாம் முகாமாகக் கூப்பிட்டார். "தலைப்பு வரி மட்டும் நான் சொல்ற மாதிரி இருக்கட்டும். கீழ நீங்க எப்படி எழுதினாலும் நான் சமாளிச்சுக்கறேன்." அப்படிச் சொன்னதற்காகப் பிறகு கொஞ்சம் வருத்தப்பட்டார். ஒரு முகாமிலிருந்து வயதுக் கட்டத்தில் 'கேட்டால் திட்டுகிறார்' என்று வந்திருந்தது. அதே ஆளின் உறவுக் கட்டத்தில் 'மாமியார், யாருடையவர் என்று தெரியவில்லை' என்று போட்டிருந்தார்கள். கிளார்க்கம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்து, கடைசியில் அது எந்தக் கண்ணீர் என்று அவருக்கே தெரியாமல் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஐந்து வரிசை ஒரே வரிசையாயிற்று. பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ வரும் ஒவ்வொரு கோப்பையும் கிளார்க்கம்மா ஃபோல்டரில் போடுவார். ஸ்டோர்காரர் பட்டனைத் தட்டுவார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சுற்றி நின்றதும், வரிசையில் முதலில் நிற்பவரைக் கேட்பதற்கு முன், அவர் தன் மனைவியின் பெயரைத் தட்டிப் பார்ப்பார். ஓர் எழுத்தில் புள்ளி வைத்து ஒரு தரம், வைக்காமல் ஒரு தரம், அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒரு தரம். பிறகு நிமிர்ந்து, "சொல்லுங்க, யாரைத் தேடறீங்க?" வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியும். அந்த மூன்று தட்டலுக்கும் பொறுத்திருந்தார்கள்.

ஒரு குழாய்ரிப்பேர்க்காரனுக்கு அம்மா கிடைத்தாள். கல்யாணமாகி ஒரு மாதமே ஆன பெண்ணுக்குப் புருஷன் கிடைத்தான். அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து ஸ்டோர்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாருடையவர் என்று தெரியாத அந்த மாமியாருக்கும் ஒரு மருமகன் வந்து சேர்ந்து, "இவங்களேதான். வேற யாரு கேட்டதுக்கெல்லாம் திட்டுவாங்க?" என்றான். ஒவ்வொரு முறையும் ஸ்டோர்காரர் சிரித்தார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளுக்குப் பாதை அறுந்து வர முடியவில்லை. மணிக்கொரு தரம் போன் செய்வாள். முதலில் "அம்மா கெடைச்சாங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்து, "ரிஃப்ரெஷ் பண்ணியாப்பா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

"பண்ணேன்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி, மறுபடி பண்ணு."

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது இதற்கு நடுவில்தான். கிளார்க்கம்மா அதை மற்றவற்றோடு போடாமல், பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்தி, "பிணவறை லிஸ்ட் சார்" என்றார். "இதையும் சேத்துடலாமா?"

ஸ்டோர்காரர் அதைக் கீழே உருட்டிப் பார்க்கவில்லை. திறந்ததும் தெரிந்த முதல் வரியை மட்டும் பார்த்தார். "தலைப்பெல்லாம் வேற மாதிரி இருக்கும்மா. இதைச் சேத்தா மத்ததும் கொழம்பிடும். அப்புறமாச் சரி பண்ணிச் சேத்துக்கலாம்."

தலைப்பு வேறு மாதிரி இருந்தது நிஜம்தான். மாற்ற இரண்டு நிமிஷ வேலை. அது அவருக்கும் தெரியும். இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கிளார்க்கம்மாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பட்டியலைக் காகிதத்தில் ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்க்க முடிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கோப்பு திரையின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. அதன்பின் ஸ்டோர்காரரின் கண் அந்த ஓரத்துக்குப் போவதே இல்லை.

நாட்கள் போகப் போகப் புதிய கோப்புகள் குறைந்தன. வரிசையும் குறைந்தது. கிடைத்தவர்கள் கிடைத்தவர்களோடு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அப்படி ஆள் குறைந்த ஒரு முற்பகலில் ஸ்டோர்காரர் பெரிய ஷீட்டை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டு வந்தபோது, ஓர் இடத்தில் நீளத்துக்குப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருந்தது. வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்று இருக்கிறது, பெயரைக் காணோம். எல்லாம் விளையாட்டரங்க முகாமின் வரிகள். மூலக் கோப்பைத் திறந்தார். அங்கே பெயர்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. தலைப்பையும் பார்த்தார்: 'பெயர்'. சரியாகத்தானே இருக்கிறது? கர்சரை அந்தச் சொல்லின் கடைசியில் வைத்தபோதுதான் தெரிந்தது, ரகரப் புள்ளிக்கு அப்பால் ஓர் இடைவெளி. தட்டச்சு செய்தவர் கை தவறி ஒரு தட்டு கூடத் தட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு வெற்றிடத்துக்காக ஒரு முகாம் முழுக்கப் பெயரில்லாமல் நின்றிருக்கிறது, இத்தனை நாளாக.

இடைவெளியை அழித்தார். பட்டனைத் தட்டினார். வட்டம் சுற்றி நின்றது. வெறுமையாக இருந்த இடத்தில் மளமளவென்று பெயர்கள் வந்து உட்கார்ந்தன. வழக்கம்போல் புள்ளி வைத்துத் தட்டினார்.

இருந்தது. அவள் பெயர். பெண். வயதும் அதேதான்.

"அம்மா" என்றார். கிளார்க்கம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "போங்க சார். இப்பவே கிளம்புங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

படியிறங்கும்போதே மகளைக் கூப்பிட்டார். "பேரு வந்துருக்கும்மா" என்றார். மகள், சின்னப்பிள்ளையில் அழுததுபோல, மூச்சை இழுத்து இழுத்து அழுதாள்.

விளையாட்டரங்கம் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. பேருந்து பாதி தூரம்தான் போயிற்று. மீதியைச் சேற்றில் நடந்தார். நடக்க நடக்க அவளிடம் முதலில் என்ன பேசுவது என்று யோசித்தார். சாவி விஷயத்தை அவளாகக் கேட்பதற்குள் நாமே சொல்லிவிட வேண்டும். "என் பையிலதான் இருந்துச்சு, திட்டறதுன்னா திட்டிடு" என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபோது சிரிப்புகூட வந்தது.

உள்ளே மரத்தரையில் பூப்பந்து ஆட்டத்துக்குப் போட்ட வெள்ளைக் கோடுகள். கோட்டுக்கு உள்ளே ஒரு குடும்பம், கோட்டுக்கு வெளியே ஒரு குடும்பம் என்று ஜனங்கள் தாமாகவே பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் இருந்த இளம்பெண்ணிடம் பெயரைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்து போயிற்று. மைக்கை எடுத்து அந்தப் பெயரைச் சொல்லி, "உங்களைத் தேடி உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். வாசலுக்கு வாங்க" என்றாள். யார் யாரோ கைதட்டினார்கள்.

தூரத்து மூலையில் ஒரு பெண் எழுந்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த தட்டு உருண்டது. கோடுகளையும் பாய்களையும் படுத்திருந்தவர்களின் கால்களையும் தாண்டி, அவிழ்ந்த கூந்தலை முடியக்கூடத் தோன்றாமல் ஓடிவந்தாள். பாதி தூரம் வரும்வரை அது அவளாகவே இருந்தது. உயரம் அதே உயரம். அப்புறம் இல்லை.

அந்தப் பெண் அவருக்கு இரண்டடி முன்னால் வந்து நின்று, அவரைப் பார்க்காமல், அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கதவுவரை பார்த்தாள். கதவுக்கு வெளியேயும் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

ஸ்டோர்காரர் ஓரடி பின்வாங்கினார். "நான்தாம்மா... நான்தான் கேட்டேன். என் வீட்டம்மா பேரும் இதேதான்."

அவள் அப்படியே கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டியவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மைக் பிடித்த பெண் எழுந்து வந்து இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவளேதான் பேசினாள். "வயசும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"அந்த வருஷம் எல்லார் வீட்டுலயும் இதே பேரைத்தான் வெச்சிருக்காங்க போல. எங்க க்ளாஸ்ல மட்டும் நாலு பேரு இருந்தோம்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "உங்களைப் பாத்ததும் எனக்குக் கோவம்தாங்க வந்துச்சு. ஏன்னே தெரியல. தப்பா நெனைக்காதீங்க."

"எனக்கும் வந்துச்சும்மா" என்றார் ஸ்டோர்காரர்.

அவள் புருஷன் எலெக்ட்ரீஷியன். தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் அவளைப் படகில் ஏற்றிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் தெருவே கருகிப்போகும் என்று டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனவர். பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆள் தேடும் இடம் நூலகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டாளாம். ஆனால் முகாமை விட்டு வெளியே போன நேரம் பார்த்து அவர் இங்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. புருஷன் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.

"பாத்துச் சொல்றேன்மா" என்றார். அந்தப் பெயரை அதற்கு முன் ஷீட்டில் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. திரும்பி நடக்கும்போது அது மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. ஷீட்டில் இல்லை. ஆனால் எல்லாக் கோப்பும் ஷீட்டில் இல்லையே.

மகளிடம் அவரே போன் செய்து சொன்னார். "வேற யாரோம்மா. பேரு மட்டும்தான் ஒண்ணு." மகள் அழவில்லை. அவள் அழாததுதான் அவரை என்னவோ செய்தது.

காலையில் நூலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில் கிடந்த கோப்பைத் திறந்தார். 'இறந்தவர் விவரம்' என்று இருந்த தலைப்பை அழித்து 'பெயர்' என்று எழுத வேண்டும். விரல் அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றது. எழுதினார். கடைசியில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டார். கோப்பை இழுத்து ஃபோல்டரில் போட்டார். பின்னால் வந்து நின்ற கிளார்க்கம்மா, "நானே செஞ்சிருக்கணும் சார்" என்றார் மெதுவாக. அவர் பட்டனைத் தட்டினார்.

இந்த முறை மனைவியின் பெயரை அவர் முதலில் தேடவில்லை. எலெக்ட்ரீஷியனின் பெயரைத் தட்டினார். ஒரே தட்டில் வந்து நின்றது. 'ஆண். சட்டைப்பையில் அடையாள அட்டை. தொழில்: மின்பணி.' கோப்பு அவர் கைக்கு வந்த நாளுக்கும் முந்தைய நாளின் தேதி போட்டிருந்தது.

பிறகு தன் மனைவியின் பெயர். புள்ளி வைத்து, வைக்காமல், முதலெழுத்தோடு. இல்லை. ஆனால் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு போட்ட பெண்கள் சிலர் அந்தக் கோப்பின் கடைசியில் இருந்தார்கள். வயது 'சுமார்' என்று தொடங்கியது. அடையாளங்கள் எழுதியிருந்தன. அவர் படிக்கவில்லை. ஷீட்டை மூடிவிட்டு எழுந்தார்.

"போன்ல சொல்லிடலாமே சார், அந்த முகாம் பொண்ணுகிட்ட" என்றார் கிளார்க்கம்மா.

"இல்லம்மா. நான்தான் போகணும்."

மறுபடி விளையாட்டரங்கத்துக்குப் போய், அவளை வெளியே படிக்கட்டுக்கு அழைத்து வந்து சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. தன் மனைவிக்கும் உள்ள அந்தப் பெயரைச் சொல்லி விளித்து அந்தச் சேதியைச் சொல்ல அவரால் ஆகவில்லை; "அம்மா" என்றுதான் ஆரம்பித்தார். அவள் அழாமல் கேட்டாள். கீழே மைதானத்தில் பந்துவலையை அவிழ்த்துக் கொடியாகக் கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். அந்த லிஸ்ட் எப்பவோ வந்துடுச்சு. என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் சேக்கல."

"ஏன்?"

"என் வீட்டம்மா பேரு அதுல இருந்துடுமோன்னு."

அவள் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளும் அவரு அங்க தனியாவா கெடந்தாரு?"

ஸ்டோர்காரர் தலைகுனிந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்தச் சொல் இந்தக் கேள்விக்கு முன்னால் கூழாங்கல் அளவுகூடத் தேறாது என்று பட்டது. அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு குரலில் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவர் படியிலேயே, தொடாமல், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"உங்கவங்க பேரு இருந்துச்சா அதுல?" என்று கேட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"இல்ல. பேரில்லாதவங்க கொஞ்சப் பேரு இருக்காங்க."

"எந்திரிங்க" என்றாள். "எனக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு லாரியில் போனார்கள். வழியெல்லாம் ஜனங்கள் கடைகளிலிருந்து சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. பிணவறை பின்கட்டில், ஒரு நீள நடையின் கோடியில் இருந்தது. வாசலில் இருந்த காவலாளி அவளுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். அவரைக் காட்டி, "இவரு?" என்றான்.

ஸ்டோர்காரர் தடுமாறினார். முகாமிலிருந்து கூட வந்தவர் என்பதா, லிஸ்ட் பார்க்கிறவர் என்பதா?

"எங்க அண்ணன்" என்றாள் அவள்.

அவள் மட்டும் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. ஸ்டோர்காரர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் அவள் அழுகை கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது, பொத்திக்கொள்ளவில்லை. அவள் புருஷனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், நெடுநேரம் காக்க வைத்ததற்குச் சமாதானம் சொல்கிறவள் மாதிரி. சொற்கள் புரியவில்லை. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கதவுக்கு இப்பால் வந்தது.

வெளியே வந்தவள் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வீங்கி, வேறு ஆள்போல இருந்தாள். பின்னாலேயே வந்த காவலாளி கதவைச் சாத்தப் போனவன், ஸ்டோர்காரரைப் பார்த்து நின்றான். இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்க வேண்டும்.

"நீங்களும் யாரையாவது பாக்கணுமா சார்?"

"இல்லப்பா" என்றார். "நான் இவங்களுக்குத் துணையா..."

அவள் யாரோ கொடுத்திருந்த துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கணும்" என்றாள் காவலாளியிடம். "எங்க அண்ணியைத் தேடிக்கிட்டிருக்கோம்."

"பேரு?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். காவலாளி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி கேட்கவில்லை. திரும்பிப்போய்க் கனத்த அந்தக் கதவைத் தோளால் தள்ளி, மூடிவிடாமல் முதுகைக் கொடுத்து நின்றான். உள்ளிருந்து குளிர் தரையோடு தரையாக வந்து அவர்கள் பாதத்தின் மேல் ஏறியது. அவள் எழுந்து நின்று, ஸ்டோர்காரர் எழுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.